தட்டணுக்கள் சரியாக இருந்தும் நிற்காத இரத்தம்

என் மகளுக்கு முதல் பால்பல் விழுந்தது கடந்த ஆண்டு ஜூலை மாதத்து மழைநாள் ஒன்றில், இரவு ஒன்பது மணி வாக்கில். கீழ்வரிசை முன்பல். ஒரு வாரமாக ஆடிக்கொண்டிருந்ததை அவளே நாக்கால் தள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓடிப்போய் ஆச்சியிடம் காட்டினாள். பதினொரு மணி வரை இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. பஞ்சை உருட்டி வைத்துப் படுக்கவைத்தேன். இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தபோது தலையணை உறை முழுவதும் நனைந்திருந்தது. உதட்டோரத்தில் ஈரல் துண்டு போல வழுவழுப்பான கருஞ்சிவப்புக் கட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது; அதைத் துணியால் எடுத்தால் அடியிலிருந்து புது இரத்தம் ஊறியது. விழுங்கியிருந்ததெல்லாம் சற்று நேரத்தில் காப்பித் தூளைக் கரைத்தது போல வாந்தியாக வந்தது.

மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் குடியிருக்கிறோம். என் கணவரின் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தது; அவர் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார், நான் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். மருத்துவம் படித்தவள் அல்ல. இருந்தாலும், குழந்தைக்கு இரத்தம் நிற்காதபோது எந்தச் சோதனையைக் கேட்க வேண்டும் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவுக்கு முந்தைய பத்து நாள்கள் வீணாகியிருக்கமாட்டா என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜூலை தொடக்கத்தில் அவளுக்குக் காய்ச்சல், தொண்டைவலி, கண் சிவப்பு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அதே நிலைதான். ஐந்தாம் நாள் சரியாகிப் பள்ளிக்குப் போய்விட்டாள். அதற்குப் பின் ஒரு வாரத்தில் மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. "ஏட்டி, பிள்ளைக்கு ஒடம்பு சூடு, வெந்தயத்த ஊறவச்சுக் குடு" என்றார் அத்தை. மறுநாள் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குக் கீழே நீலத் தழும்புகளைக் கண்டேன். ஓடியாடும் குழந்தைக்கு முன்னங்காலில் கன்றிப்போவது இயல்பு. ஆனால் முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தவை எங்கும் இடித்துக்கொண்டு வந்தவையாகத் தெரியவில்லை. அவளுடைய வகுப்பு ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, வீட்டில் யாராவது குழந்தையை அடிக்கிறார்களா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அன்றைக்கு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நானும் ஆசிரியைதான், அவர் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி என்பதை இப்போது மனதாரச் சொல்வேன். அடி படக்கூடாத இடத்தில் கன்றியிருந்தால் ஒன்று யாரோ அடிக்கிறார்கள், இல்லையென்றால் இரத்தத்தில் ஏதோ குறை இருக்கிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் பேசாமல் இருக்கக் கூடாது.

அக்கம்பக்கத்து மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். மழைக்காலம் என்பதால் டெங்குவாக இருக்கலாம் என்று இரத்தம் எடுக்கச் சொன்னார். தட்டணுக்கள் 2,60,000, டெங்குப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை. தட்டணுக்கள் நிறைய இருக்கின்றன, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, உடல்வலிக்குப் பாராசிட்டமாலும் இப்யூபுரோஃபெனும் கலந்த சிரப் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். நாங்களும் நிம்மதியாகத் திரும்பினோம். தட்டணு சரியாக இருந்தால் இரத்தம் சரியாக இருக்கிறது என்றே நான் அதுவரை நம்பியிருந்தேன். டெங்கு வரும் ஊர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நம்புகிறார்கள். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் முதலில் ஓடிவந்து அடைக்கும். அந்த அடைப்பு இளகிப்போகாமல் இறுகுவதற்கு இரத்த நீரிலுள்ள உறையவைக்கும் புரதங்கள், மருத்துவர்கள் ஃபேக்டர் என்று எண் போட்டுச் சொல்கிறவை, ஒன்றையொன்று தூண்டி வலை பின்ன வேண்டும். இரத்த அணுக்களை எண்ணும் சோதனையில் இந்தப் புரதங்களைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அவற்றை அறிய, இரத்த நீர் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்கும் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரண்டு சோதனைகள் தேவை. பெரிய நகரங்களில் ஏறக்குறைய எல்லா ஆய்வகங்களிலும் செய்யக்கூடிய எளிய சோதனைகள்தாம் இவை. அந்தச் சிரப்பிலிருந்த இப்யூபுரோஃபெனோ, சரியாக இருந்த தட்டணுக்களின் வேலையையும் மந்தப்படுத்தக்கூடிய மருந்து.

பல் விழுந்த இரவுக்கு வருகிறேன். கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டாக்ஸிக்காரர் சுற்றிக்கொண்டு போய் விடியற்காலையில் பரேல் பகுதியிலுள்ள பெரிய மருத்துவமனை ஒன்றில் எங்களை இறக்கிவிட்டார். ஈரத் துணியை நான்காக மடித்துக் குழந்தையைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்தது. பதினான்கு விநாடிக்குள் இருக்க வேண்டிய பி.டி. 23 விநாடி; முப்பத்தைந்து விநாடியை ஒட்டி இருக்க வேண்டிய ஏ.பி.டி.டி. 81 விநாடி. பணியிலிருந்த இளம் மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "வீட்டில் எலி மருந்து வைக்கிறீர்களா?"

வைத்திருந்தோம். மழைக்காலத்தில் சாக்கடை நிரம்பினால் எலி வீட்டுக்குள் வரும். அத்தை கட்டிலுக்கு அடியில் கேக் போன்ற எலி மருந்தை வைத்திருந்தார். எலி மருந்துகளில் பல, வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்து இரத்தம் உறையாமல் செய்பவை. குழந்தை அறியாமல் தின்றிருந்தால் இதே எண்கள் வரும். என் கணவர் வீட்டுக்கு ஓடி அந்த உறையைக் கொண்டுவந்தார். அதில் புரோமடியோலோன் என்றிருந்தது, அந்த வகையைச் சேர்ந்ததேதான். அத்தை மருத்துவமனைப் படிக்கட்டில் அமர்ந்து, "நாந்தான் பிள்ளையக் கொன்னுட்டேன்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். எலி மருந்து வைக்கும் வீட்டார் அதன் உறையைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் மருத்துவருக்கு அரை நாள் மிச்சமாகும். குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைக்காமலே இருப்பது அதைவிட நல்லது. நாங்கள் இப்போது எலிப்பொறிதான் வைக்கிறோம்.

வைட்டமின் கே ஊசியை நரம்பு வழியாகப் போட்டார்கள். தசையில் ஊசி போடக் கூடாது என்று பணியிலிருந்த நர்ஸ் பயிற்சி மாணவியிடம் கண்டிப்பாகச் சொன்னது காதில் விழுந்தது. இரத்தம் உறையாத குழந்தைக்குத் தசையில் போட்டால் உள்ளே இரத்தம் கட்டிவிடும். பிளாஸ்மாவும், அதாவது மற்றவர் கொடுத்த இரத்த நீரும், ஏற்றினார்கள். மறுநாள் பார்த்தால் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. குறை வைட்டமினில் இருந்திருந்தால் ஒரே நாளில் தேறத் தொடங்கியிருக்க வேண்டும். அதன்பின்தான் இரத்தநோய் நிபுணரான பெண் மருத்துவர் வந்தார். வந்தவுடன் கலவைச் சோதனை செய்யச் சொன்னார்.

எங்கள் கதை திரும்பிய இடம் அது என்பதால் அந்தச் சோதனையைக் கொஞ்சம் விளக்குகிறேன். குழந்தையின் பிளாஸ்மாவையும் நல்ல நிலையிலுள்ள பிளாஸ்மாவையும் சரிபாதியாகக் கலந்து, உறையும் நேரத்தை மறுபடி அளக்கிறார்கள். உப்புக் குறைந்த குழம்பில் உப்புச் சரியாக உள்ள குழம்பை ஊற்றினால் சாப்பிடும்படி ஆகிவிடும். அதுபோல, குழந்தையிடம் ஏதோ ஒரு ஃபேக்டர் குறைந்திருப்பது மட்டுமே சிக்கல் என்றால் பாதி அளவு சேர்ந்ததும் நேரம் சரியாகிவிடும். திரிந்த பாலில் நல்ல பாலை ஊற்றினால் நல்லதும் திரியும். நேரம் சரியாகாவிட்டால் குழந்தையின் இரத்தத்தில் உறைதலைக் குலைக்கும் எதிர்ப்பொருள் ஒன்று இருக்கிறது, அது புதிதாக வந்ததையும் விட்டுவைக்கவில்லை என்று பொருள். என் மகளின் ஏ.பி.டி.டி. கலந்த பின்னும் 64 விநாடியிலேயே நின்றது. இது எலி மருந்து செய்த வேலை அல்ல, எதிர்ப்பொருள் என்று மருத்துவர் சொன்னபோது நான் முதலில் செய்தது, கீழே ஓடிப்போய் அத்தையிடம் அதைச் சொன்னதுதான்.

அடுத்து ஃபேக்டர் ஒவ்வொன்றையும் அளந்தார்கள். முதல் அறிக்கையில் எட்டாம் ஃபேக்டர் 24 விழுக்காடு என்று வந்தது. ஹீமோஃபீலியாவில் குறைவது அதுதான் என்பதை அலைபேசியில் தேடிப் படித்துவிட்டு இரவு முழுவதும் நான் உறங்கவில்லை. பிறவியிலேயே இல்லாதது, ஆறு வயதில், அதுவும் ஒரு பெண் குழந்தைக்கு எப்படி வரும்? எட்டாம் ஃபேக்டரைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகி, பிறவிச் சிக்கல் இல்லாதவர்களுக்கும் ஹீமோஃபீலியா வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் முதியவர்களுக்கும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் வருவது, குழந்தைகளிடம் மிக மிக அரிது. மறுநாள் அந்த நிபுணர் மாதிரியை மேலும் மேலும் நீர்த்து அளக்கச் சொன்னார். நீர்க்க நீர்க்க எட்டாம் ஃபேக்டரின் அளவு ஏறி இயல்புக்கு வந்துவிட்டது. உண்மையில் அது குறைந்திருக்கவே இல்லை. எதிர்ப்பொருள் சோதனையின் வேலையில் குறுக்கிட்டுப் பொய்யான எண்ணைக் காட்டியிருக்கிறது. நீர்த்தபின்னும் உயராமல் அடியிலேயே கிடந்தது ஒன்றே ஒன்று: இரண்டாம் ஃபேக்டர், அதாவது புரோத்ராம்பின், 11 விழுக்காடு. ஆகவே, இத்தகைய அறிக்கையில் உள்ள ஓர் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடாதீர்கள். என் ஓர் இரவு அதில் போயிற்று.

நோயின் பெயர் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் ஹைப்போபுரோத்ராம்பினீமியா; கடைசிச் சொல்லுக்குப் புரோத்ராம்பின் குறைவு என்று பொருள். அதில் "லூபஸ்" என்ற சொல்லைக் கேட்டதும், பட்டறையில் என் கணவரோடு வேலை செய்பவரின் தங்கை, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் அந்த லூபஸ் நோயால் சிறுநீரகம் பழுதாகிக் கிடந்தது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, இந்தியில் நிதானமாக விளக்கினார். எனக்குப் புரியாத இடங்களை நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் ஒருவர், "அக்கா, அவங்க சொல்றது இதுதான்" என்று தமிழில் சொன்னார். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற இந்த எதிர்ப்பொருளை முதலில் லூபஸ் நோயாளிகளிடம் கண்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. லூபஸ் இல்லாதவர்களிடமும், குறிப்பாக வைரஸ் காய்ச்சல் கண்ட குழந்தைகளிடமும் இது தற்காலிகமாகத் தோன்றும். உறைதலைத் தடுப்பது என்று பொருள்படும் "ஆன்டிகோயாகுலன்ட்" என்ற மறுபாதியும் குழப்பக்கூடியதுதான். சோதனைக் குழாயில் உறைதலைத் தாமதப்படுத்தும் இந்த எதிர்ப்பொருள், உடலுக்குள் தனியாக இருக்கும்போது இரத்தம் கசியச் செய்வதில்லை. பெரியவர்களிடம் நீடித்து இருந்தால் தேவையில்லாத இடத்தில் இரத்தம் உறையவே வைக்கும். பல குழந்தைகளிடம் டான்சில் அறுவைக்கு முன் எடுக்கும் சோதனையில் தற்செயலாக இது தெரியவந்து, எந்தத் தொல்லையும் தராமல் தானாகவே மறைந்துவிடும். என் மகளுக்குக் கூடவே இன்னொரு எதிர்ப்பொருளும் உருவாகி, புரோத்ராம்பினோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது புரோத்ராம்பினைச் செயலிழக்கச் செய்வதைவிட, இரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற வைக்கிறது. பிளாஸ்மா ஏற்றியும் பயன் நிலைக்காததன் காரணம் அதுதான். ஊற்ற ஊற்ற வடிந்துபோயிற்று.

இது அரிய நோய்தான், ஆனால் புதிய நோய் அல்ல. 1960இல் ராபபோர்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் இதை முதன்முதலாக விவரித்தார்கள். அந்தச் சிறுமிக்கு லூபஸ் நோயும் இருந்தது. அதனால் எங்களுக்கும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போக முடியவில்லை, லூபஸ் இருக்கிறதா என்று அறிய உதவும் ஏ.என்.ஏ., காம்ப்ளிமென்ட் என்ற இரத்தச் சோதனைகள், சிறுநீரில் புரதம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் இயல்பாக இருந்ததால், ஜூலைத் தொடக்கத்துக் காய்ச்சலே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். கண் சிவப்பும் தொண்டைவலியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்த அந்தக் காய்ச்சல் அடினோவைரஸால் வந்திருக்கலாம். இந்த நோய்க்கு முன்னால் அடிக்கடி காணப்படும் வைரஸ் அது என்றார் மருத்துவர். வைரஸை எதிர்க்கக் கிளம்பிய உடல் தன் சொந்தப் புரதத்தையே தவறாகப் பிடித்துக்கொண்டது.

இரத்தம் எடுப்பதைப் பற்றி எந்தப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. உறைதல் சோதனைக்கான குழாயின் மூடி நீல நிறம். உள்ளே சிட்ரேட் திரவம் முன்கூட்டியே அளந்து ஊற்றப்பட்டிருக்கும். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு திரவம் என்பது கணக்கு. குழந்தை கையை இழுத்து அழுகிறது என்று பாதிக் குழாயோடு நிறுத்திவிட்டால் திரவம் மிகுந்துபோய், நல்ல இரத்தமும் தாமதமாக உறைவதாகக் காட்டும். வீடு திரும்பியபின் ஒருமுறை வெளியே எடுத்த மாதிரியில் இதுவே நடந்தது. எண் திடீரென்று ஏறியதைக் கண்டு கலங்கிப்போய், மறுநாள் கோடுவரை நிரப்பி எடுத்தபோது சரியாக வந்தது. அன்றிலிருந்து, இரத்தம் எடுப்பவரிடம் "கோடு வரைக்கும் நிரப்புங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மாதிரி சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்பதையும் கேட்டு உறுதிசெய்துகொள்வேன். கலவைச் சோதனையும் ஃபேக்டர் அளவீடுகளும் எல்லா இடங்களிலும் நடப்பதில்லை; இரத்தவியலுக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நிறுவனம் ஒன்று பரேலில் கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் ஊர் இது என்பதால், மும்பைக்காரர்கள் இந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

மருந்து பிரெட்னிசலோன், பத்தொன்பது கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. எதிர்ப்பொருள் உருவாவதை அடக்கி வைப்பது அதன் வேலை. இரண்டு வாரத்தில் புரோத்ராம்பின் 38 விழுக்காடு ஆனது. ஐந்து வாரத்தில் 84. அதற்குப் பிறகு படிப்படியாகக் குறைத்து, செப்டம்பர் இறுதியில் நிறுத்தினார்கள். ஸ்டீராய்டு என்றால் அஞ்சி, இரத்தம் நின்றதும் தாங்களாகவே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. பல நாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்துவது, கொடுப்பதைவிட ஆபத்தாகலாம். முகம் பூரி போல உப்பியது. நள்ளிரவில் எழுந்து தோசை கேட்டாள். சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் கத்தினாள். அது அவளுடைய குணமல்ல, மருந்து என்று வீட்டில் எல்லோரிடமும் முன்னதாகவே சொல்லிவைத்தது நல்லதாயிற்று. ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தினோம்; இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லிக் கேட்டோம். எதிர்வீட்டுப் பையனுக்கு அம்மை கண்டபோது அத்தை வேப்பிலை கட்டினார். நான் அதே நிமிடம் மருத்துவரை அழைத்தேன். ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்குச் சின்னம்மை கடுமையாகத் தாக்கலாம். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளையும் மருந்து நின்று ஒரு மாதம் கழியும்வரை தள்ளிவைக்கச் சொன்னார்கள்.

எங்களுக்கு யாரும் சொல்லாமல் போயிருக்கக்கூடிய, ஆனால் அந்த மருத்துவர் மறக்காமல் சொன்ன செய்தி ஒன்று உண்டு. புரோத்ராம்பின் ஏறிக்கொண்டு வரும்போது லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இன்னும் இரத்தத்தில் இருக்கலாம். அந்த இடைக்காலத்தில் கசிவுக்கு மாறாக, வேண்டாத இடத்தில் உறையும் ஆபத்து வரும். ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல், விடாத தலைவலி ஆகியவற்றைக் கண்டால் உடனே வரச் சொன்னார். இரத்தம் நிறுத்தும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாமாகக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதையே காரணமாகச் சொன்னார். பல் விழுந்த இடத்தில்கூட அவர்கள் அதைத் துணியில் நனைத்து வைத்தார்களே தவிர உள்ளுக்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் பழக்கம் சிலவற்றை மாற்றினோம். மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அது தவறு, இரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். நிமிர்ந்து உட்கார்த்தி, தலையைச் சற்று முன்னால் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை இரு விரலால் இறுக்கிப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாகப் பத்து நிமிடம் விடாமல் இருக்க வேண்டும். இடையிடையே விட்டு விட்டுப் பார்ப்பதே நிற்காமல் போவதற்குக் காரணம் என்று அறிந்தேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம் எதுவும் வேண்டாம். தலையில் அடிபட்டால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாலும், நேராக மருத்துவமனை. பள்ளிப்பையின் முன்னறையில் ஓர் அட்டை வைத்தோம்: நோயின் பெயர், எடுக்கும் மருந்து, தசையில் ஊசி கூடாது என்ற குறிப்பு, எங்கள் இருவரின் எண்கள். அட்டையின் ஒரு படியை, என்னைத் தனியே அழைத்துக் கேட்ட அந்த ஆசிரியையே வாங்கித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் அடுத்த பல் விழுந்தது. ஈரத் துணியைக் கடிக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் அவளைச் சுற்றி அமர்ந்திருந்தோம். ஏழாவது நிமிடத்தில் துணியை எடுத்தபோது கசிவு நின்றிருந்தது. பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் போட வேண்டும் என்றார் அத்தை. சாணத்துக்கு எங்கே போவது? பிசைந்த கோதுமை மாவில் வைத்து உருட்டிக் கொடுத்தேன். அவள் எங்கள் தகரக் கூரையில் எறிந்தாள்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் போய்விட்டதா என்பதைப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பின்னும் நீடித்தால் கவனிப்பே வேறு. நவம்பர் முதல் வாரத்தில் எடுத்தோம். பி.டி. 13 விநாடி, ஏ.பி.டி.டி. 32 விநாடி, லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் இல்லை. லூபஸ் நோய் பின்னாளில் தலைகாட்டுகிறதா என்பதை அறிய ஆண்டுக்கு ஒருமுறை ஏ.என்.ஏ. சோதனையும் சிறுநீர்ச் சோதனையும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதலாவது வருகிற ஜூலையில். முகம் வாடி மூட்டுவலி என்றாலோ, கன்னத்தில் செந்தடிப்பு வந்தாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். அட்டையில் மருந்தின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, மற்றதை அப்படியே அவள் பையில் வைத்திருக்கிறேன்.